சொந்த இரைச்சல்

உள்ளே எதுவுமே போகாத கருவியில் கோடு ஒன்று எழும்பி அடங்கியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிப்பைச் செருகும் சாக்கெட்டில் இரண்டு உள்ளீட்டு முனைகளையும் ஒரே கம்பியால் சேர்த்து சால்டர் செய்து, தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார். இந்த வகை ஆம்ப்ளிஃபையர் சிப் இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்து ஆயிரம் மடங்காக்கித் தரும். வித்தியாசமே இல்லாதபோது திரையில் தெரிவது சிப்பின் சொந்த இரைச்சல் மட்டும்தான். புதுக் கருவிக்கு, கையிலிருக்கும் சிப்புகளில் எது குறைவாக இரைகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காகத்தான் விடுமுறை நாளாகப் பார்த்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மின்கம்பிகளின் ரீங்காரம்கூடக் குறுக்கே வரக்கூடாதென்று மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, சன்னல்களைச் சாத்தி, ஆறிக்கொண்டிருந்த ஈயத்தின் வாசனைக்கு நடுவே, பேட்டரியில் ஓடும் சின்னத் திரையின் பச்சை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள். "போன தடவ மாதிரியே நல்லதா பாத்து எடுங்க" என்றாள்.

போன தடவை அவர் பார்த்து எடுக்கவில்லை. அது சுரங்கப்பாதை வேலைக்கான கருவி. மண் சரிந்தால் உள்ளே சிக்கியவர்கள் தட்டுவதை மேலிருந்து கேட்பதற்கு. மெதுவான அதிர்வுக்கு ஏற்ற சிப் வந்துசேர ஒரு வாரமாகும் என்றார்கள். டிராயரில் வேறொன்று கிடந்தது. இரைச்சல் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாருக்கு எது போதும் என்று முடிவு செய்ய இவர் யார்?

பிறகு மண் சரிந்தது. உள்ளே ஐந்து பேர். அதில் ஒருவன் மனைவியின் தம்பி, வீட்டில் எல்லாருக்கும் சின்னவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு, பிறகு இடைவெளி என்பது அங்கே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்த முறை. மேலே கருவியை வைத்துப் பார்த்தவர் இவர். திரையில் இரைச்சலுக்குள் ஏதோ மேடு மாதிரி தெரிந்தது. மீட்புக் குழுத் தலைவர் விசாரித்தபோது, இந்தச் சிப் எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். தோண்டுவதை நிறுத்தினார்கள்.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு சத்தங்கூட வரலையா?"

இல்லை என்றார். அன்றிலிருந்து அவள் பரிமாறும்போது சோற்றை மட்டுமே பார்த்துச் சாப்பிடுகிறார்.

திரையில் கோடு மறுபடி எழும்பியது. சத்தம் எதுவும் இல்லை, கோடு மட்டும். ஐந்து முறை. இடைவெளி. ஐந்து முறை.

சிப்பைக் கழற்றிவிட்டுப் பழைய வகையை மாட்டினார். வெறும் இரைச்சல், புல் முளைத்த தரை மாதிரி. அதைவிடச் சற்று நல்லதை, அன்று டிராயரில் கிடந்த வகையை, மாட்டினார். புல்லுக்குள் ஏதோ மேடு. எல்லாவற்றிலும் நல்லதை, அன்று ஒரு வாரம் காத்திருக்க மனமில்லாமல் விட்டதை, கடைசியாக மாட்டினார். கோடு சுத்தமாக இருந்தது. தட்டுகள் தெள்ளத்தெளிவாக இருந்தன.

நான்கு. இடைவெளி. நான்கு.

முனைகளைச் சேர்த்த கம்பியை இழுத்துப் பார்த்தார், உறுதியாகத்தான் இருந்தது. நான்கு மூன்றாக நெடுநேரம் பிடித்தது. மூன்று இரண்டாக அதைவிட நெடுநேரம். இவ்வளவு நேரமா இருந்தார்கள்? இவ்வளவு நேரமும் தட்டினார்களா? நான் மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேனே.

ஒன்று.

இடைவெளி.

ஒன்று.

சின்னவன்தான். எடுத்ததைப் பாதியில் விடமாட்டான்; அந்தப் பிடிவாதத்தைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் அவனை ஓட்டுவார்கள். அன்று மேலிருந்து யாரும் பதில் தட்டவில்லை. தட்டியிருந்தால், ஆள் இருக்கிறது என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். அவர் அழுதுகொண்டே விரலை மடக்கி மேசையில் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

கோடு அசையாமல் கிடந்தது.

பிறகு எழும்பியது. இரண்டு முறை.

இடைவெளி. மறுபடி இரண்டு. இந்த முறை காதிலேயே கேட்டது.

யாரைச் சேர்த்து எண்ணுகிறான்?

திரை அணைந்தது. காற்று கனத்தது. எழுந்து கதவுப் பக்கம் கையை நீட்டினார். கைப்பிடி இருந்த இடத்தில் ஈர மண். சன்னல் பக்கம் போனார். மண். தலைக்கு மேல் துழாவினார். மண். கத்துவதற்கு வாயைத் திறந்தபோது, பக்கத்தில் யாரோ மூச்சை அளந்து அளந்து விடுவது கேட்டது.

இருட்டில் ஒரு தோள் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டது.

"கத்தாதீங்க அத்தான். காத்து கொஞ்சந்தான் இருக்கு."