வற்றத்தில் வந்தவன்

கடல் உள்வாங்கும் வற்றம் தொடங்கிவிட்டால் அந்த விரிகுடாவில் எல்லாமே வெளியேதான் போகும். மூங்கில் துண்டு, மீன் கூண்டிலிருந்து கழன்ற மிதவை, யாரோ வீசிய தண்ணீர் பாட்டில், எல்லாம் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் இடுக்குகள் வழியாகக் கடலைப் பார்த்து நகரும். அன்று முற்பகலில் ஒன்று மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

லுவான் அதைத் தான் வேலை பார்க்கும் சுற்றுலாப் படகின் முனையில் நின்று பார்த்தான். புத்தாண்டு கழிந்த மாதத்து மூடுபனி தீவுகளின் தலைகளை விழுங்கி, அடிப்பாறைகளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. பாறைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், எஞ்சினின் தடதடப்பும், ஹனோயிலிருந்து ஒருநாள் சுற்றுலா வந்திருந்த வங்கிக்காரர்கள் மேல்தளத்தில் மைக்கைப் பிடித்துப் பாடும் காதல் பாட்டும், எலுமிச்சைப்புல் போட்டு வேகும் சிப்பியின் மணமும், டீசல் வாடையும், ஈரப் பஞ்சில் பொதிந்து வைத்தவைபோல அவனிடம் மங்கலாகவே வந்து சேர்ந்தன. முந்தாநாளிலிருந்து அவனுக்கு எல்லாம் இப்படித்தான். கயிற்றைப் பிடித்தால் கயிறு தெரிவதில்லை. காலையில் கஞ்சி சுட்டு நாக்கு வெந்துபோயிருந்தது; அதுவும் உறைக்கவில்லை.

முந்தாநாள் மாலை கணவாய் பிடிக்கப் போன தம்பி ஹாவ் திரும்பவில்லை. அவனுடைய படகு மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. தேடப் போனவர்கள், பனி விலகட்டும் என்று துறைக்குத் திரும்பிவிட்டார்கள். வேலைக்குப் போனாலாவது முனையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் லுவான் வந்திருந்தான்.

உள்ளே வந்தது நீலமாக இருந்தது. முதுகு. மழைச்சட்டை போட்ட முதுகு. விரிகுடாவில் பாதிப்பேர் அந்த நீலத்தைத்தான் போடுவார்கள். ஹாவும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனான்.

"அண்ணே," என்று சுக்கானைப் பிடித்திருந்த தாமைக் கூப்பிட்டான். அவர் எட்டிப் பார்த்தார். வாயிலிருந்த சிகரெட்டை மெதுவாக எடுத்தார்.

"அங்க என்னங்க மிதக்குது?" மேலிருந்து ஒரு பெண் கைப்பேசியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"மீன் கூண்டு மிதவைங்க. அதைப் போய்ப் படம் புடிச்சுக்கிட்டு! இந்தப் பக்கம் பாருங்க, சண்டைக்கோழி மாதிரி ரெண்டு பாறை," என்று தாம் கையை நீட்டினார்.

"இந்தப் பனியில கோழியும் தெரியல, முட்டையும் தெரியல. நல்லா ஊர் சுத்திக் காட்டுறீங்க!"

மேலே சிரிப்பு எழுந்தது. தாம் முனைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "கண்ணுல பட்டவன் தூக்கித்தான் ஆகணும்டா. விட்டுட்டுப் போனா நமக்கு ஆகாது. இவங்கள குகைத்தீவுல இறக்கிட்டு வந்து எடுத்துருவோம். அது எங்க ஓடிறப் போகுது?"

அது ஓடவில்லை. படகு திரும்பிய இடங்களிலெல்லாம் திரும்பியது. குகைத்தீவின் படித்துறையில் வங்கிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே இறங்கி, படியேறிப் பனிக்குள் மறைந்தார்கள். பாட்டு நின்றது. எஞ்சின் நின்றது. அப்போது படகின் பின்பக்கத்தில் எதுவோ மரத்தில் மெல்ல முட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி முட்டியது.

தாம் கயிறு கட்டிய கொக்கிக் கழியைப் போட்டார். லுவான் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துத் தள்ளி நின்றே இழுத்தான். தளத்தில் மல்லாந்து விழுந்த அதன் முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. மூக்கு மட்டும் இருந்தது.

"கிட்ட வந்து பாருடா."

"இருக்கட்டும்ணே."

"எத்தன நேரம் அங்கயே நிப்ப?"

நீரில் போனவனின் பக்கத்தில் ரத்த உறவு வந்து நின்றால் அவன் மூக்கிலிருந்து புதுரத்தம் வரும். எத்தனை நாள் ஆகியிருந்தாலும் வரும். அப்பாவைக் கரையேற்றிய அன்று ஹாவ் அழுதுகொண்டே குனிந்தான், வந்தது. லுவான் பார்த்திருக்கிறான். இப்போது அவன் நிற்கும் இடத்துக்கும் அந்த உடலுக்கும் நடுவில் கொஞ்சம் ஈரப் பலகை கிடந்தது. அதைத் தாண்டாதவரை தம்பி சாகவில்லை.

கைப்பேசி ஒலித்தது. ஹாவின் மனைவி தோவா. திரையில் அவள் முகம், அழுதும் சிரித்தும்.

"மாமா! வந்துட்டாரு மாமா! உங்க தம்பி வந்துட்டாரு!"

"என்னம்மா சொல்ற?"

"இப்பத்தான். கதவக்கூடத் தட்டல. நேரா வந்து உக்காந்துட்டாரு. ஒரு வார்த்த பேசல. நனஞ்ச சட்டையக் கழட்டுங்கன்னா அதுவும் மாட்டேங்கிறாரு. தொடைக்கத் தொடைக்கத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. பாப்பா மடியில ஏறி உக்காந்துக்கிட்டா."

லுவானுக்கு நாக்கு எரிந்தது. அப்போதுதான் எரிந்தது. உள்ளங்கையில் கயிறு அறுத்த இடமும் எரிந்தது.

தாம் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தக் கழுத எந்தத் தீவுலயாவது ஒதுங்கித் தூங்கியிருப்பான். நாளைக்கு வரட்டும், காதத் திருகிக் கையில குடுக்கிறேன்." பிறகு கீழே பார்த்தார். சிரிப்பு அடங்கியது. "இது எவ பெத்த புள்ளையோ. வாடா, பாயப் போத்து. ஊதுபத்தி நான் கொளுத்துறேன்."

லுவான் ஒரு கையில் கைப்பேசியும் மறுகையில் பாயுமாக ஈரப் பலகையைத் தாண்டினான். யாரோ. பாவம். யார் வீட்டிலோ விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். பாயை விரித்துக் குனிந்தான். உப்பும் சேறும் நாறின.

மூக்குத் துவாரத்தில் ஒரு துளி.

தண்ணீர் என்று நினைத்தான்.

சிவப்பு. இன்னொன்று. பிறகு கோடாக. பிறகு இரண்டு துவாரத்திலும். உடல் வெளுத்துக் கிடந்தது. ரத்தம் மட்டும் அப்போதுதான் வெட்டியதுபோல வந்தது. காதோரம் இறங்கியது. பலகையில் ஓடியது. அவனுடைய வெறுங்காலைத் தொட்டது.

சூடாக இருந்தது.

தாமின் கையிலிருந்த ஊதுபத்தி விழுந்தது. அவர் பின்னுக்கு நகர்ந்தார்.

"மாமா, இருக்கீங்களா? நீங்களே சட்டையக் கழட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு." தோவா கைப்பேசியைத் திருப்பினாள்.

லுவான் கத்த நினைத்தான். பிள்ளையைத் தூக்கு. வெளியே ஓடு. வாய் திறந்தது. நாக்கு இருக்குமிடம் தெரியவில்லை. எரிச்சலும் இல்லை. எதுவுமே இல்லை.

திரையில் நீலச் சட்டை. ஹாவின் முகம். முழுசாக. இமைக்காமல். கைநுனிகளிலிருந்து நீர். மடியில் குழந்தை, நனைந்த தலையோடு, சிரித்துக்கொண்டு.

அது அவளைக் கொஞ்சக் குனிந்தது. கன்னத்தில் மூக்கை வைத்தது. ஊரில் எல்லா அப்பாக்களும் செய்வதுபோல ஆழமாக மோந்தது.

மூக்கை எடுக்கவில்லை.

மோந்துகொண்டே இருந்தது. குழந்தையின் சிரிப்பு நின்றது. கன்னம் வெளுத்தது. மோந்துகொண்டே இருந்தது.