கறுப்பு மூடிக்குள் ஒரு இடக்கை

வீப்கேயின் இடக்கை மடியில்தான் கிடந்தது. ஆனால் கட்டைகளுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற பியானோ மூடியின் கறுப்புப் பளபளப்பில், அந்தக் கையின் சுண்டுவிரல் ஒரு கட்டையை அழுத்தியது. சத்தம் வரவில்லை.

அசதி என்று நினைத்துக்கொண்டாள். கொலோன் நகரத்து நவம்பர் சாயங்காலம், ஹீட்டரில் வேகும் தூசியின் வாசனை, ட்ராம் வளைவில் திரும்பும்போதெல்லாம் ஜன்னல்வரை எழும் இரும்புக் கிறீச்சல், அவள் காலடியில் பெடல் விடும் மூச்சு, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. நாளை அரங்கேற்றம். வசந்தத்திலிருந்து அவளுடைய இடக்கையில் இரண்டு விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை, தாமாகச் சுருண்டுகொள்கின்றன. யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் நாளைக்கு அவளுக்குப் பதிலாக, மாற்று ஆளாக வைத்திருக்கும் யோர்ன் வாசிப்பான். அதற்குப் பிறகு எந்தப் பாவியும் அவளைக் கூப்பிட மாட்டான்.

நல்லவேளை, இசையமைப்பாளர் டெட்லெஃப் எழுதிய இசை அப்படி. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் வழி இரண்டாகப் பிரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று பிம்பம்: ஒன்றில் வலக்கை மேலே ஓடும், மற்றதில் அதே ஓட்டம் தலைகீழாக இடக்கையில் இறங்கும். எதில் போவதென்று வாசிப்பவர் அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். வீப்கே என்றைக்கோ முடிவெடுத்துவிட்டாள். எப்போதும் வலது.

"மறுபடியும் வலதா?" காலி ஒத்திகை அரங்கின் பின் வரிசையிலிருந்து டெட்லெஃப் சிரித்தார். "இடக்கைய வீட்ல விட்டுட்டு வந்துட்டியா, கண்ணு?"

"எது வேணும்னாலும் வாசிக்கலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கேன். நீ வேணாங்கற வழி எங்க போகும்னு நெனச்ச? அதையும் ஒருத்தி வாசிச்சுத்தான் ஆகணும்."

திமிர் பிடித்த கிழவன். அவள் வாசித்தாள். வலது. மூடிக்குள் இடக்கை ஓடியது. மறுபடி வலது. இப்போது சத்தமும் வந்தது, அடியாழத்திலிருந்து, நிதானமாக, அவளால் இனி வாசிக்கவே முடியாத சுத்தத்தோடு. பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

கடைசிப் பக்கம். அங்கேயும் இரண்டு வழி: முடிக்கலாம், அல்லது முதலிலிருந்து தொடங்கலாம்.

வீப்கே கைகளை எடுத்தாள். முடித்தாள்.

இசை நிற்கவில்லை.

ஹீட்டர் வாசனை இல்லை. ட்ராம் இல்லை. குளிர். முகத்துக்கு நேரே பியானோவின் பெயர், பொன்னெழுத்துகள். வலமிருந்து இடமாக.

இடக்கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்கள் சுருண்டிருந்தன. மூடிக்கு வெளியே, எதிரே உட்கார்ந்திருந்தவளின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்பதான் கண்ணு நீ வாசிக்கிற!" டெட்லெஃப் கைதட்டிக்கொண்டே வந்தார். எதிரே இருந்தவளின் தோளில் கை வைத்தார். அவளுடைய.

வீப்கே கத்தினாள். சத்தம் வரவில்லை.

"நாளைக்கும் இதே மாதிரி. போதும், மூடு."

அவள் வீப்கேயை நேராகப் பார்த்தாள். இடக்கைச் சுண்டுவிரலை மூடியின் விளிம்பில் போட்டாள். அந்த ஒற்றை விரலாலேயே மூடியை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.