முப்பதாவது ஊசி

பையில் இருபத்தொன்பது சிவப்பு நாடாக்கள்தான் இருந்தன. முப்பது இருக்க வேண்டும்.

இருக்கைகளுக்கு மேல் பொருத்தும் ஆக்ஸிஜன் பெட்டி ஒவ்வொன்றும் தற்செயலாக இயங்கிவிடாதபடி ஓர் ஊசியோடு வரும். ஊசியின் வாலில் சிவப்பு நாடா. பொருத்தியதும் ஊசியை உருவிப் பையில் போட வேண்டும். மறந்தால், ஆபத்து நேரத்தில் மாஸ்க் விழும், காற்று வராது. பரிசோதகர் முதல் மூன்று பெட்டிகளை மட்டும் திறந்து பார்த்துவிட்டு முப்பதுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார். போன வருடம் வேறொரு விமானத்துக்கும் அப்படித்தான் போட்டார். அதில் பதினேழாம் வரிசையில் ஒரு பெண் மாஸ்க்கைக் கடித்தபடியே செத்துப்போனாள். விசாரணையில் அவர் கையெழுத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இன்று நான்கு மணிக்கு இந்த விமானத்தில் அவர் தங்கை ஏறுகிறாள்.

"நாடா குப்பையில போயிருக்கும் சார்," என்றான் மெக்கானிக். "மூணு பாத்து முப்பதுக்குப் போடுற ஆளுக்கு இன்னிக்கு என்ன ஞானோதயம்?"

"வாய மூடிட்டு ஏணியத் தூக்கிட்டு வாய்யா."

வெளியே மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே விளக்கணைந்த அந்த நீண்ட விமானக் கூட்டில் புது ரப்பரும் துடைப்புத் திரவமும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. ஒவ்வொரு மூடியும் 'டிக்'கென்று திறக்கும்போது அதன் பின்னால், மிக மெதுவாக, மூக்கடைத்த யாரோ மூச்சு வாங்குவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. நடந்தால் நின்றது. நின்றால் தொடர்ந்தது.

பதினேழாம் வரிசை. மூன்று மாஸ்க்குகள் விழுந்தன. ஒன்றின் உட்புறம் ஈரம். விளிம்பில் பல்தடம்.

"எலியா இருக்கும்," என்றான் மெக்கானிக். சிரிக்கவில்லை. ஏணியில் ஏறிப் பெட்டிக்குள் கை விட்டான். "இந்தா இருக்கு உங்க முப்பதாவது. வர மாட்டேங்குது... சார், இது சூடா இருக்கு."

நாடா அவன் விரலைச் சுற்றியது. இழுத்தது. எலும்பு முறிந்தது. அவன் அலற வாய் திறந்தபோது மாஸ்க் வந்து கவ்வியது. குழாய் கழுத்தில் இறுகியது. ஏணி சரிந்தது. தலை பெட்டியின் விளிம்பில் மோதியது. மறுபடி. மறுபடி. கால்கள் இருக்கையை உதைத்தன, பிறகு உதைக்கவில்லை. மாஸ்க்கின் கீழிருந்த பை சிவப்பாக உப்பியது.

பரிசோதகரின் கையில் செல்போன் அதிர்ந்தது. தங்கை.

"அண்ணா, கேட்டுக்கு வந்துட்டேன். நீ பாத்த விமானம்தானாமே! பதினேழு ஏ, ஜன்னல் சீட்டு."

'ஏறாதே' என்று சொல்ல வாய் திறந்தார். நடு மாஸ்க் பாய்ந்து அவர் வாயில் அறைந்தது. இரண்டு பற்கள் உள்ளே உதிர்ந்தன. காற்றில்லை.

"ஏண்ணா இப்படி மூச்சு வாங்குற? படி ஏறினியா? தொப்பையக் குறைன்னா கேக்குறியா நீ?" சிரித்தாள். "சரி, நீ பாத்துட்டேன்னா எனக்குப் பயமே இல்ல. வெக்கிறேன்."

ஜன்னல் இருக்கைக்கு மேல் தொங்கிய மூன்றாவது மாஸ்க், பல்தடம் பதிந்த மாஸ்க், ஆடாமல் நின்றது. அதன் எலாஸ்டிக் பட்டை, ஒரு தலையின் அளவுக்கு, யாரோ இரு கைகளால் விரித்துப் பிடிப்பதுபோல், மெல்ல விரிந்தது.