துவைக்காத சட்டை

களிக் கிண்ணத்தை விருட்டென்று தள்ளிவிட்டாள் சாலம்மாள்.

"உன் கையால ஆக்குனது எனக்கு வேணாம்! புருசனை ஜெயிலுக்கு அனுப்புன கையி!"

மருமகள் ராஜமேரி கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள். அடுப்படிக்கும் வாசலுக்குமாய் அவள் கால் நிலைகொள்ளவில்லை. மெட்ராஸ் லேப்பிலிருந்து புருசன் சட்டையின் ரத்தச் சோதனை முடிவு வந்ததா என்று பார்க்க, கொழுந்தன் அருள்சாமி நேற்றே தர்மபுரி கோர்ட்டுக்குப் போயிருந்தான். முதல் பஸ்ஸில் வந்துவிடுவான்...

இவர்களோடு வரப்புச் சண்டை போட்டுவந்த பக்கத்துக் காட்டு மாரப்பன் வெட்டுப்பட்டுச் செத்த அன்று, அவள் புருசன் சவுரியப்பன் ரத்தம் தெறித்த சட்டையோடு வீடு வந்தான். எவளாய் இருந்தாலும் சட்டையைத் தண்ணீரில் முக்கியிருப்பாள். இவளோ வந்த போலீஸ் கையிலேயே கொடுத்துவிட்டாள்!

"ஒருக்கா அலசிப் போட்டிருந்தா எம்புள்ள இங்க இருப்பானேடி, கல்நெஞ்சக்காரி!"

அப்போதுதான் அருள்சாமி மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அம்மா! அது மனுச ரத்தமே இல்லையாம்... கோழி ரத்தமாம்! சட்டைய வுட்டா வேற சாட்சியும் இல்ல. அண்ணனை வுட்டுடறாங்க!"

ராஜமேரி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"கோழியா?" சாலம்மாள் திகைத்தாள். "அப்பக் கறியே தொடாத தவக்காலமாச்சே! நம்ம வூட்டுல ஏதுடி கோழி?"

இனி எதை மறைக்க?

"பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்காம கெடந்துச்சே அத்தை... உங்க மகன் முனியப்பன் சாமிக்கு வேண்டிக்கிட்டாருங்க. யாருக்கும் தெரியாம போயி கோழி அறுத்துட்டு வந்தாரு. 'அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுரையே வுட்டுடும்'னு பாப்பா தலையில அடிச்சு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருங்க. மெட்ராஸ்ல பாத்தா எது ரத்தம்னு தெரிஞ்சிடும்னு ஏட்டையா சொன்னாரு. நான்தான் பேசக்கூடாது... சட்டையாச்சும் பேசட்டும்னு குடுத்தேன்!"

சாலம்மாள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, இதற்கும் திட்டுவாளோ என்று ராஜமேரி நடுங்கினாள்.

"எனக்குப் பயந்து... தூக்குக்கே போவப் பாத்தானா எம்புள்ள?" கிழவியின் குரல் உடைந்தது. "உன்னை என்னென்ன பேசிட்டேன்டி, எந்தாயி!" மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினாள்.

பிறகு தள்ளிவிட்ட கிண்ணத்தைத் தானே எடுத்து வந்து, ஆறிய களியில் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள்.

"அருளு, அண்ணனைக் கூட்டியாரப்ப அந்தச் சட்டையும் கேட்டு வாங்கியாடா. நான் துவைக்கறேன்."