ஒன்பது கட்டத் தார்ப்பாய்

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் பேஸ்பால் மைதானத்துக் கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை இழுத்து விரித்தோம். உள்ளேயிருந்து, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட ஒரு ரக்கூன் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் மூன்று குட்டிகள்.

குளிர்காலம் முழுக்க அந்தக் குடும்பம் அங்கேதான் இருந்திருக்கிறது. தார்ப்பாயைக் கடித்துக் கிழித்து மெத்தை செய்துகொண்டிருக்கிறது. எங்கள் கோச் டைக் தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவரும் அவர்தான். எவ்வளவு சத்தம் போட்டாலும் கோபப்படாத மனிதர். அன்று அவர் முகம் வாடியிருந்தது.

காரணம் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை இரண்டு மணிக்கு, பக்கத்து ஊரான சீடர் ஃபோர்க் அணியுடன் எங்களுக்கு இறுதி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை, அதோடு மாநிலப் போட்டிக்கும் போகலாம். எங்கள் வில்லோ பெண்ட் அணி இதுவரை ஒரு முறைகூட அங்கே போனதில்லை. ஆனால் வெள்ளி மாலையிலிருந்து சனி காலை வரை மழை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். மைதானம் நனைந்து ஆட்டம் நின்றுபோனால், அதிகம் ஜெயித்த அணிக்கே கோப்பை என்பது விதி. நாங்கள் எட்டு ஆட்டம் ஜெயித்திருந்தோம். அவர்கள் ஒன்பது.

கிழியாமல் மிஞ்சிய பகுதியை வெட்டி எடுத்துப் பார்த்தோம். மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டை மூட அது போதும். ஆனால் பந்து எறிபவர் நிற்கும் மண்மேட்டுக்கு ஒன்றும் இல்லை. அந்த மேடு சேறானால் காலை ஊன்ற முடியாது. எனக்குத் தெரியும். பந்து எறிபவன் நான்தான். என் பெயர் ஆர்லோ.

கோச் மூன்று கடைகளுக்குப் போன் செய்தார். புதுத் தார்ப்பாய் வர நான்கு நாள் ஆகுமாம்.

அப்போதுதான் ட்ரூடி பென்னர் வாயைத் திறந்தாள். ட்ரூடி எங்கள் கேட்ச்சர். நான் எறியும் பந்தை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிப்பவள். அவளுக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள்தான் பிடிக்கும். ஒன்று பேஸ்பால். இன்னொன்று துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து கில்ட் போர்வை தைப்பது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போதும் பேருந்தில் ஊசியும் நூலுமாகத்தான் உட்கார்ந்திருப்பாள். நான் அவளைக் கேலி செய்யாத பயணமே கிடையாது.

"புதுசு வேணாம் கோச். நாமளே தைச்சிடலாம்," என்றாள்.

"மைதானத்துக்குப் போர்வை போத்தித் தூங்க வைக்கப் போறியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ட்ரூடியும் சிரித்தாள்.

"ஆமாடா. நாளைக்கு ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டுடலாம்."

பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் பெரிய சதுரம் போட்டாள். அதை மூன்றுக்கு மூன்றாக, ஒன்பது கட்டமாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டமும் ஐந்தடி. அணியில் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு கட்டம். தண்ணீர் புகாத எதுவாக இருந்தாலும் கொண்டு வரலாம். கூடாரம், குளியலறைத் திரை, மழைக்கோட்டு, மேசை விரிப்பு. ஆனால் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் சரியாக விழவில்லை.

பத்தரை மணிக்கு எல்லோரும் தேவாலயத்தின் கீழ் அறையில் கூடினோம். ஊர்ப் பெண்கள் கில்ட் தைக்கும் இடம் அது. டெனிமையும் தடித்த கித்தானையும் தைக்கக்கூடிய பழைய இரும்பு மெஷின் ஒன்று அங்கே இருந்தது. ட்ரூடியின் அம்மா சாவியைக் கொடுத்தார். அவர்கள் குழு விற்பனைக்காக ஒரு பெரிய போர்வையை அவசரமாக முடித்துக்கொண்டிருந்ததால், உதவிக்கு மட்டும் வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

"நாலு மணிக்கு எங்க ஆளுங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள நீங்க கிளம்பிடணும். ஊசி உடைஞ்சா அந்த டப்பாவுல வேற இருக்கு," என்றார்.

கொண்டுவந்த பொருள்களை மேசையில் கொட்டினோம். ஒருவன் தாத்தாவின் மீன்பிடி மழைக்கோட்டைக் கொண்டு வந்திருந்தான். இன்னும் மீன் வாசனை போகவில்லை. இன்னொருத்தி எலுமிச்சம்பழப் படம் போட்ட மேசை விரிப்பைக் கொண்டு வந்திருந்தாள். இரண்டு குளியலறைத் திரைகள், ஒரு பழைய கூடாரம், படகு மூடி. நான் கொண்டுபோனதுதான் எல்லாவற்றிலும் தடிமனானது. என் தங்கை நெட்டியின் காற்றடைக்கும் நீச்சல் தொட்டி. அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் வாத்துகள்.

ட்ரூடி கத்தரிக்கோலை எடுத்த நேரம், கதவருகே ஐந்து வயது நெட்டி வந்து நின்றாள். அழவில்லை. என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

ட்ரூடி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நீ இவகிட்ட கேட்டியா?"

தொட்டியில் ஏற்கெனவே ஓட்டை விழுந்துவிட்டது, காற்று நிற்பதில்லை என்று ஏதேதோ சொன்னேன்.

"கேட்டியா, இல்லையா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ட்ரூடி தொட்டியைச் சுருட்டி நெட்டியின் கையில் கொடுத்துவிட்டாள். பையன்கள் சத்தம் போட்டார்கள். அது இல்லாவிட்டால் ஒன்பதாவது கட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். ட்ரூடி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நெட்டியின் முன்னால் முழங்காலிட்டு, நாளைய ஆட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னாள். பெரியவர்களிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

நெட்டி நீண்ட நேரம் யோசித்தாள். "வாத்தெல்லாம் நடுவுல இருக்கணும்," என்றாள் கடைசியில்.

"நடுவுலதான்."

"மேல பாத்து இருக்கணும்."

"மேல பாத்தே இருக்கும்."

நெட்டி தொட்டியை நீட்டினாள். பிறகு ஒரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சொன்ன சொல்லை ட்ரூடி காப்பாற்றுகிறாளா என்று கடைசி வரை கண்காணித்தாள்.

வேலை தொடங்கியது. குண்டூசி குத்தினால் ஓட்டை விழும் என்று, துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டி ஓரங்களைச் சேர்க்கச் சொன்னாள் ட்ரூடி. நாங்கள் அளந்து வெட்டி, ஓரம் மடித்துக் கொடுத்தோம். அவள் மெஷினில் ஓட்டினாள். கூடாரத் துணி மீது ஊசி போகும்போது மெஷின் உறுமியது. ஊசி உடைந்தது. மாற்றினாள். மறுபடி உடைந்தது. மறுபடி மாற்றினாள். நான் ஓர் ஓரத்தைக் கோணலாக வெட்டியபோது மட்டும் கொஞ்சம் கடுப்பானாள்.

"நேரா எறியத் தெரியுதுல்ல? நேரா வெட்டு."

மூன்று மணிக்கு ஒன்பது கட்டமும் ஒரே விரிப்பாகிவிட்டது. தேவாலயத்துப் புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான்கு பேர் மூலைகளைப் பிடித்துக்கொண்டோம். கோச் ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றினார்.

தையல் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாயாகிவிட்டது.

எனக்குக்கூடக் கேலி செய்யத் தோன்றவில்லை. வானம் மேற்கில் கறுத்துக்கொண்டிருந்தது. கோச் ட்ரூடியின் தோளைத் தட்டி, இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம் என்றார். ட்ரூடி அதைக் கேட்கவே இல்லை. கீழே படுத்து, விரிப்பின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் தண்ணீர் சொட்டியது.

பிறகு எழுந்து, விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தாள். கையால் தைக்கும்போது நூல் சிக்காமல் இருக்க அதன் மேல் மெழுகைத் தேய்ப்பாளாம். மழையில் நனைந்தாலும் மெழுகு தேய்த்த நூல் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று கவனித்திருக்கிறாளாம்.

"கோச், உள்ள எரிஞ்சு மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டு இருக்குமா?"

ஒரு பெட்டி நிறைய இருந்தது. விரிப்பை மறுபடி கீழ் அறைக்குக் கொண்டுபோய், ஒன்பது பேரும் மண்டியிட்டு, எல்லாத் தையல் மேலும் மெழுகை அழுத்தித் தேய்த்தோம். மேலே காகிதம் வைத்து, லேசான சூட்டில் இஸ்திரி போட்டோம். மெழுகு உருகி ஓட்டைகளுக்குள் இறங்கியது. நான்கு மணிக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். போகச் சொல்லவில்லை. ட்ரூடியின் அம்மா இரண்டாவது இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார்.

புல்வெளியில் மறுபடி ஒரு வாளித் தண்ணீர். நான் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். நூறு வரை எண்ணினேன். ஒரு சொட்டுகூட என் மேல் விழவில்லை.

மைதானத்துக்குக் கொண்டுபோய் மேட்டின் மேல் விரித்து, ஹோம் பிளேட்டைப் பழைய தார்ப்பாய்த் துண்டால் மூடி, ஓரங்களில் பழைய டயர்களை அடுக்கினோம். கடைசி டயரை வைக்கும்போது முதல் தூறல் விழுந்தது.

மழை சனிக்கிழமை பதினொரு மணிக்கு நின்றது. மைதானத்தின் கோடியில் குட்டைகள் தேங்கியிருந்தன. ஓடும் பாதையில் மரத்தூளைக் கொட்டினோம். பன்னிரண்டரைக்கு சீடர் ஃபோர்க் பேருந்து வந்தது. அவர்களுடைய கேட்ச்சர் எங்கள் விரிப்பைப் பார்த்துவிட்டு, சர்க்கஸ் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டான். கோப்பையை வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் வந்திருக்கிறோம் என்பதுபோல, அவர்களில் பாதிப் பேர் சீருடைகூடப் போட்டிருக்கவில்லை.

நடுவர் ஓல்சன் அம்மா கறாரானவர். சரியாக ஒரு மணிக்கு வந்து, விரிப்பை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். கீழே மண் மாவுபோல உலர்ந்து கிடந்தது. அவர் மேட்டில் ஏறி, குதிகாலை ஊன்றித் திருப்பிப் பார்த்தார். தூசி பறந்தது. ஹோம் பிளேட்டும் உலர்ந்திருந்தது.

"போய் சீருடை போட்டுட்டு வாங்கப்பா," என்றார் சீடர் ஃபோர்க் பையன்களிடம். "ரெண்டு மணிக்கு ஆட்டம்."

அவர்கள் சும்மா ஒன்பது ஆட்டம் ஜெயித்தவர்கள் இல்லை. முதல் சுற்றிலேயே மூன்று ஓட்டம் எடுத்துவிட்டார்கள். மூன்று தளங்களையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால்தான் ஓர் ஓட்டம். நாங்கள் ஒவ்வொன்றாகத் துரத்தினோம். ஆறாவது சுற்று, அதாவது கடைசிச் சுற்று தொடங்கும்போது நான்குக்கு நான்கு.

அவர்களில் இரண்டு பேர் ஆட்டமிழந்திருந்தார்கள்; மூன்றாவது ஆளும் போனால் எங்கள் முறை. இரண்டாம் தளத்தில் அவர்களுடைய கேட்ச்சர் ஓடத் தயாராக நின்றான். நான் எறிந்த பந்தை மட்டைக்காரன் கோடிக்கு அடித்தான். பந்து குட்டையில் விழுந்து நின்றுவிட்டது. எங்கள் ஆள் அதைத் தண்ணீரோடு அள்ளி வீசினான். ஹோம் பிளேட்டில் ட்ரூடி இரண்டு கால்களையும் உலர்ந்த மண்ணில் ஊன்றி நின்றாள். ஓடி வந்தவன் அவளைவிட ஒரு தலை உயரம். அவள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பந்தைப் பிடித்து, பிளேட்டைத் தொட வந்த அவன் காலில் பந்தோடு கையுறையை வைத்தாள். ஓல்சன் அம்மா கட்டைவிரலை உயர்த்தினார். அவன் அவுட்.

இப்போது நாங்கள் மட்டை பிடிக்கும் முறை. முதல் இரண்டு பேர் அவுட். மூன்றாவதாக வந்த ட்ரூடி பலமாக அடித்து இரண்டாம் தளம் வரை ஓடிவிட்டாள். அடுத்தது நான்.

பந்து எறிபவர்களுக்கு மட்டை பிடிக்க வராது என்று ஒரு பேச்சு உண்டு. என் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. முதல் பந்தைக் கோட்டைவிட்டேன். இரண்டாவதையும் விட்டேன். மூன்றையும் விட்டால் அவுட். இரண்டாம் தளத்திலிருந்து ட்ரூடி என்னைப் பார்த்து, ஊசியில் நூல் கோப்பதுபோலக் கையைக் காட்டினாள். கண்ணை மூடாதே, உற்றுப் பார் என்று அர்த்தம். மூன்றாவது பந்தை உற்றுப் பார்த்தேன்.

மட்டையில் பட்டது. பந்து இரண்டாம் தளக்காரனின் தலைக்கு மேல் பறந்து புல்லில் விழுந்தது. நான் முதல் தளத்துக்கு ஓடியபடியே திரும்பிப் பார்த்தேன். ட்ரூடி மூன்றாம் தளத்தைத் தாண்டிவிட்டாள். காலெல்லாம் மரத்தூள். பந்து அவளுக்குப் பின்னாலேயே வந்தது. அவள் நீட்டி விழுந்து சறுக்கினாள். ஹோம் பிளேட்டைச் சுற்றி ஒரு தூசி மேகம் எழுந்தது. ஒன்றும் தெரியவில்லை.

தூசி அடங்கியது. ஓல்சன் அம்மா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்றார். அவுட் இல்லை!

ஐந்துக்கு நான்கு. நாங்கள் எட்டு பேரும் ட்ரூடி மேல் போய் விழுந்தோம். கோச் டைக் தொப்பியை வானத்தில் எறிந்தார். அது போய்க் குட்டையில் விழுந்தது. சீடர் ஃபோர்க் கேட்ச்சர் வந்து ட்ரூடியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு, அந்தத் தையலில் எப்படித் தண்ணீர் இறங்கவில்லை என்று மெதுவாகக் கேட்டான். ட்ரூடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

கோப்பையைக் கையில் வாங்கியதும் அதில் எலுமிச்சைச் சாறு ஊற்றி ஒன்பது பேரும் மாறி மாறிக் குடித்தோம். ட்ரூடி மட்டும் இரண்டு முறை குடித்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.