ஒட்டிவைத்த இரண்டு பக்கங்கள்

திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. கால்வே என்ற ஊரின் கடற்கரையில் இருந்த மடத்துப் பள்ளிக்கூடத்தில் மேனியன் பாதிரியார் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. பாடப்புத்தகத்தில் அவர் பசை போட்டு ஒட்டச் சொல்லியிருந்த இரண்டு பக்கங்கள், வகுப்பில் அத்தனை பெண்களிடமும் மலர்ந்து கிடந்தன. போதாததற்கு, டெர்வ்லா எழுந்து நின்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

பழைய பாட்டு அது. கடலோடு போன கணவனை ஒருத்தி கட்டிலுக்கு வரச்சொல்லி அழுகிறாள். அடடா, என்ன பாட்டு! ஊரே அழுது பாடியதுதான். பாதிரியாருக்கு மட்டும் அது ஆபாசமாகப் பட்டது.

"எல்லார் புஸ்தகத்தையும் கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சிருக்கா, திருட்டுக் கழுதை! இன்னிக்கே பேரை அடிச்சு அனுப்புங்க!"

டெர்வ்லாவின் அப்பாவும் கடலோடு போனவர். பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வேதியியல் டீச்சர் ஊனா லவெல் குறுக்கே வந்தாள்.

"மதியம் வரைக்கும் பொறுங்க, ஃபாதர்," என்று அவகாசம் கேட்டு வாங்கினாள்.

முதலில் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"நீ பிரிச்சியாடி?"

"இல்ல மிஸ். புரட்டினேன், தானா விட்டுடுச்சு. எல்லார் புஸ்தகமும் அப்படித்தான்."

அடுத்து, சனிக்கிழமை ஒட்டிய இலக்கிய ஆசிரியை சிஸ்டர் பெனிக்னா.

"என்ன பசை சிஸ்டர்?"

"பசைன்னா பசைதான். ஜெபத்துக்கு நேரமாச்சு டீச்சர்."

ஊனா தாளைத் தடவினாள். கிழிசல் இல்லை, சுருக்கமும் இல்லை. சட்டென்று நேற்றைய பூசை நினைவுக்கு வந்தது. மொடமொடவென்று நிற்கும் கன்னியர் முக்காடுகள் எல்லாம் நேற்று காதோரம் துவண்டு தொங்கின. மழையால்தான் என்று விட்டுவிட்டாளே!

அந்தப் பக்கத்தில் அயோடின் ஒரு சொட்டு விட்டாள். கருநீலம்; மாவுச்சத்து இருந்தால் வரும் நிறம். ஒட்டாத பக்கத்தில் இன்னொரு சொட்டு. வெறும் மஞ்சள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் மடத்துத் தலைவி மதர் கொலும்பாவின் அறையில் கூடினார்கள்.

"ஆவி பட்டிருந்தா தாள் சுருங்கியிருக்கும், ஃபாதர். நல்ல பசையா இருந்தா கிழிஞ்சிருக்கும். இது துணிக்குப் போடுற கஞ்சி, அதுவும் தண்ணியா கரைச்சது. காய்ஞ்சா விட்டுடும்னு துவைக்கிறவங்களுக்குத் தெரியாதா? இருந்த மாவெல்லாம் புஸ்தகத்துக்குப் போயிடுச்சு. நேத்து பூசையில ஒரு முக்காடாவது நிமிர்ந்து நின்னுச்சா?"

பாதிரியார் திரும்பிப் பார்த்தார். அறையிலிருந்த கன்னியரின் முக்காடுகள் இன்றைக்கும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

"ஒட்டினது..." ஊனா புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"நான்தான்," என்று பெனிக்னாவே எழுந்தாள். "மூடச் சொன்னீங்க, மூடினேன். திறக்கவே முடியாதபடி மூட எனக்குக் கை வரல. பொண்ண விட்டுடுங்க. என்னை எங்க வேணும்னாலும் அனுப்புங்க."

எத்தனை தைரியம் இந்த ஒல்லி உடம்புக்குள்! ஊனாவின் கண் கலங்கிவிட்டது.

பாதிரியார் விடவில்லை. "கஞ்சிமாவு அலமாரிச் சாவி யார்கிட்ட?"

மதர் கொலும்பா நெற்றியில் விழுந்த தன் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டார்.

"என்கிட்டதான், ஃபாதர். எடுத்துக் குடுத்ததும் நான்தான். அவளை அனுப்பணும்னா என்னையும் சேர்த்து அனுப்புங்க."

பாதிரியாரின் முகம் சிவந்தது. "மறுபடி ஒட்டுங்க! இப்பவே!"

"ஒட்டிடலாம். ஆனா மடத்துல பசைன்னா கஞ்சிதான்," என்றார் மதர்.

பாதிரியார் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியேறினார். மதர் வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"டெர்வ்லா, வகுப்புக்குப் போம்மா. எந்த வரியில நிறுத்தினியோ, அங்கேருந்து வாசி."