காயாத உதடு

காலையில் வைத்த சிவப்பு மத்தியானம் மூணு மணிக்கும் காயவில்லை. ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட துணி காயாதுதான், ஆனால் அக்ரிலிக் பெயின்ட் அப்படியா? பத்து நிமிஷம் அசந்தால் பிரஷ்ஷிலேயே கல்லாகிவிடும் சனியன். கறுப்பு அங்கி காய்ந்திருந்தது, வெளிறிய முகம் காய்ந்திருந்தது, உதடு மட்டும் ஈரம். சுடர்விழி சுண்டுவிரலால் தொட்டு மோந்து பார்த்தாள். பெயின்ட் வாடை இல்லை, துருப்பிடித்த இரும்பு வாடை.

தஞ்சாவூரில் காபி ஷாப் வைத்திருக்கும் பிரபு கேட்ட படம் அது. பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களில் வருகிற ரத்தக்காட்டேரி, ஆளுயரத்துக்கு. "திறந்த கதவுக்கு அந்தப் பக்கம், வாசப்படிக்கு வெளியில நிக்கிற மாதிரி போடுங்க மேடம். வீட்டு ஆளு வான்னு கூப்பிடாம அது உள்ள வராது, அதான் கதையே" என்று போனில் சிரித்தான். இவளும் சிரித்தாள்.

திருவையாற்றுக்கு வெளியே, வயலைப் பார்த்த தனி ஓட்டு வீடு. கணவன் அறிவுச்செல்வன் வேலையிலிருந்து திரும்ப ஏழு மணியாகும். கூடத்தில் இவளும், உத்தரத்தில் கட்டிய தூளியில் எட்டு மாதக் குழந்தை செம்மொழியும், இந்த ஆளும். ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அதை விட்டுவிட்டுக் குளிக்கப் போகக்கூட அவளுக்கு மனசு வராது.

கரண்ட் போனது. வாய்க்கால் நிரம்பி வயலுக்குள் வழியும் சத்தம், ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம், தவளைகள் விடாமல் கத்துகிற சத்தம், இத்தனைக்கும் நடுவில் தூளிக் கயிறு மெல்ல முனகும் சத்தம், எல்லாம் கேட்டுக்கொண்டே ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தவள் கிட்டே போய்க் குனிந்தாள். படியிலிருந்து ஒரு சாண் தள்ளித்தானே ஷூவை வரைந்தாள்? இப்போது ஷூ நுனி படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேச்சே, கண்ணு அசந்துபோச்சு என்று வேண்டுமென்றே முதுகைக் காட்டி உட்கார்ந்து பிரஷ்களைக் கழுவினாள்.

தவளைகள் நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

கதவு தட்டும் சத்தம். மூன்று தட்டு, ரொம்ப மரியாதையாக.

நாலு மணிக்குப் படத்தை எடுக்க வருவதாகப் பிரபு சொல்லியிருந்தான். நம்ம ஊர் வாய் இருக்கிறதே, அது வந்தவர் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் பொறுக்காது. மழையில் நனைந்து வந்தவரை வாசலில் நிற்க வைக்கலாமா? ஈரக் கையோடு, திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"வாங்க, வாங்க. திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க."

வெளிக்கதவு அசையவில்லை.

போன் அடித்தது. "மேடம், பிரபு பேசறேன். கண்டியூர்ல ரோடெல்லாம் தண்ணிங்க. நாளைக்கு வரட்டுமா?"

அப்படியானால் தட்டியது யார்?

சத்தம் வாசல் பக்கமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பக்கத்திலிருந்து.

திரும்பினாள். படத்தில் கதவு இருந்தது. வாசற்படி இருந்தது. ஆள் இல்லை.

"ஐயோ, உன்னைக் கூப்பிடல! போ! வெளிய போ!"

யாரும் போகவில்லை. கூடமெங்கும் துரு வாடை. தூளிக் கயிறு முனகியது. பாரம் தாங்காமல்.

இடுப்பு உயரத்தில் தொங்கும் தூளி தரையைத் தொட்டுக் கிடந்தது. சேலைத் துணி பிதுங்கி உள்ளே ஒரு பெரிய முழங்கால். ஓரத்தில் வழிந்த கறுப்பு அங்கி.

உள்ளே செம்மொழி சிரித்தாள். கிச்சுக் கிச்சு மூட்டினால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

பாதியில் நின்றது.

தூளி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.